பாதமும் பாதணியும்: அகன்ற பாதணியின் உடல்நல, சமூக அடிப்படைகள்

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலின் முதற்பகுதியிலே, பொருளொன்றுக்கு இருவகைப் பயன் உண்டு என்பதை விளக்குதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் பாதணியாகும். பாதணியை அணியலாம், அதனைக் கொடுத்து வேறு பொருளைப் பெறவுஞ் செய்யலாம். இரண்டும் பாதணியின் பயன்களே. எனினும் அணிதலே அதற்கு இயல்பான பயன் என்பது அவர் கருத்து. 1867 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே கார்ல் மார்க்ஸ் இவ்வுதாரணத்தை அடிக்குறிப்பொன்றில் எடுத்தாண்டுள்ளார். பயன்பாட்டுப் பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என்னும் வேறுபாட்டினைப் பயில்வோர் இவ்விடத்தை நன்கறிவர்.

ஆயின், பாதணியை உதாரணமாக மாத்திரங் கொள்ளாது பாதணியாகவே கொண்டு நோக்கின், அவ்விரு பெறுமதிகளுக்கும் இடையிலான முரண்பாடு மனிதரின் கால் என்புகளிலேயே பதிந்திருத்தலைக் காணலாம். விரல்கள் விரிந்து இயங்குதற்கு இடமளிக்கும் அகன்ற பாதணியே பாதநலத்துக்கு உகந்தது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் எடுத்துரைத்து வந்த உண்மை. அவ்வுண்மையின் உடற்கூற்றியல் அடிப்படை யாது, அது பெருவழக்காகாது போனமைக்குரிய சமூகக் காரணங்கள் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் காலைப்பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மனிதரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கும் சக்திகளை இனங்காண்பதே இலக்கிய ஆய்வின் பணியுமாதலின், இது துறைமாறிய முயற்சி ஆகாது என நம்புகின்றேன்.

1. பாதம் வேண்டும் இடம்

பாதம் ஒவ்வொன்றிலும் 26 என்புகள் உள்ளன. அவற்றை இணைத்து நிற்கும் மூட்டுக்கள் 33. இவ்வமைப்பு ஒரு கற்றூணைப்போல அசைவற்றதன்று. உடலின் பாரம் இறங்கும்பொழுது பாதத்தின் வளைவு சற்றே தாழ, பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரிகின்றது. எனவே, அமர்ந்திருப்பவரின் பாதமும் அவரே எழுந்து நிற்கும்பொழுதுள்ள பாதமும் ஒரே அளவினவல்ல. நாள் முழுவதும் நின்று தொழில்செய்தவரின் பாதம் மாலையிற் காலையினும் பருத்திருக்கும்.

நடக்கும்பொழுது முதலிற் குதிக்கால் நிலத்திற் படுகின்றது. பாரம் பாதத்தின் வெளியோரமாக முன்னே சென்று, விரலடி மூட்டுக்களின் குறுக்காகப் பெருவிரலை அடைகின்றது. இறுதியிற் பெருவிரல் நிலத்தை உந்த, உடல் முன்னேறுகின்றது. விரல்கள் விரிந்து நிலத்தைப் பற்றுதல் இச்செயலுக்கு இன்றியமையாதது. இயல்பான பாதத்தில் மிக அகன்று காணப்படுவதும் இம்முன்பகுதியே. ஆனால், கடைகளில் விற்கப்படும் சப்பாத்துக்களுட் பல சரியாக அவ்விடத்திலிருந்தே ஒடுங்கத் தொடங்குகின்றன.

இதன் விளைவுகள் படிப்படியானவை. முதலில் உராய்வினாற் காய்ப்பும் கால் ஆணியும் தோன்றுகின்றன. நகத்தின் ஓரம் தசைக்குட் புதைகின்றது. சிறுவிரல்கள் நிமிரவியலாது மடங்கியவாறே இறுகுகின்றன. மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே செல்லும் நரம்பு நெருக்குண்டு தடித்து, நடக்குந்தோறும் எரிவை உண்டாக்குகின்றது. இவையனைத்தினும் பெரியது பெருவிரற் கோணல். மருத்துவ நூல்கள் இதனை ஹாலக்ஸ் வால்கஸ் என்னும் இலத்தீன் பெயரால் வழங்கும். பெருவிரல் ஏனைய விரல்களை நோக்கிச் சாய, அதன் அடிமூட்டு உட்புறமாகப் புடைத்தெழுகின்றது. விரல் தன் நேர்கோட்டினின்றும் ஒருமுறை விலகிவிட்டால், அதனை இயக்கும் தசைநாண்களே வில்லின் நாண்போல நின்று மேலும் மேலும் அதனை வளைக்கின்றன. அந்நிலையில் பாதணியை மாற்றினால் நோவும் உராய்வும் குறையுமேயன்றிக் கோணல் நிமிர்ந்துவிடாது.

இந்நோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணமாகும். குறுகிய பாதணி அணிந்தோர் யாவரும் கோணலுற்றாரல்லர். அணியாதோருட் சிலர் உற்றுமுள்ளனர். எனினும், பிறப்பினால் அமைந்த பாங்கு எங்கே, எத்துணை அளவில் நோயாக வெளிப்படுகின்றது என்பதைப் புறச்சூழலே பெரிதும் தீர்மானிக்கின்றது. இதற்குரிய சான்றுகளை அடுத்து நோக்குவோம்.

2. புதைகுழிகள் கூறும் வர்க்கக் கதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் அயலிலும், 11 ஆம் நூற்றாண்டு முதல் 15 ஆம் நூற்றாண்டு வரை அடக்கஞ்செய்யப்பட்ட 177 பேரின் என்புக்கூடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் தம் முடிவுகளை 2021 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவருட் பெருவிரற் கோணல் உடையோர் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினெண்மர். ஆனால், இச்சராசரியினும் முக்கியமானது அது பங்கிடப்பட்டிருந்த முறையாகும். நகருக்கு வெளியே கிராமத்து மயானத்தில் 3 சதவீதம். நகரின் ஏழைத் தொழிலாளர் பலர் புதைக்கப்பட்ட தேவாலய மயானத்தில் 10 சதவீதம். தருமமனையில் 23 சதவீதம். துறவியரும் செல்வந்தப் புரவலரும் அடக்கஞ்செய்யப்பட்ட அகஸ்தீனிய மடத்தில் 43 சதவீதம்.

காலமும் இவ்வாறே பேசுகின்றது. 13 ஆம் நூற்றாண்டு வரையில் 6 சதவீதமாக இருந்த நோய், 14, 15 ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதமாகப் பெருகியது. வட்டமுனைப் பாதணிகள் வழக்கொழிந்து, நீண்டு கூரிய முனையுடைய பாதணிகள் ஐரோப்பாவிற் பரவிய காலம் அதுவே. நிலத்தில் இறங்கி உழைக்க வேண்டாதவன் தான் என்பதைக் கூர்முனை அறிவித்தது. நிலமானிய ஆட்சி இவ்வடையாளத்தைச் சட்டத்தினாலும் காத்தது. 1463 ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்ட் மன்னனின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், பிரபு என்னும் நிலைக்குக் கீழ்ப்பட்டோர் எவரும் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட கூர்முனையுடைய பாதணி அணியலாகாது எனத் தடைவிதித்தது. உழைப்பினின்றும் விலகி நின்றமையின் சின்னமே அதனை அணிந்தவரின் என்பைக் கோணலாக்கியது. அவ்வாறு கோணலுற்றவருள் முதுமை எய்தியோரிடம், விழுதலால் ஏற்படும் என்பு முறிவுகளும் மிகுந்து காணப்பட்டன.

சீனத்தில் உயர்குடிப் பெண்களிடையே தோன்றிப் பின்னர் ஏனையோரிடையேயும் பரவிய கால்கட்டும் வழக்கம் இதே தருக்கத்தின் மிகக் கொடிய வடிவம் எனலாம். 1912 ஆம் ஆண்டில் குடியரசு அதனைத் தடைசெய்தது. குறுகிய பாதமே அழகு என்னும் கருத்து இயற்கையின் தீர்ப்பன்று, வரலாற்றின் விளைவு.

3. அறிந்தும் ஒதுக்கப்பட்ட அறிவு

ஒல்லாந்த உடற்கூற்றியலாளர் பேத்ரஸ் காம்பர், 1781 ஆம் ஆண்டிற் சிறந்த பாதணியின் வடிவம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். குதிரை, கோவேறு கழுதை முதலியவற்றின் குளம்பைக் குறித்துக் காட்டப்படும் கவனம் மனிதரின் காலைக் குறித்துக் காட்டப்படவில்லையே என்பது அவரது ஆதங்கம். அக்காலத்து ஐரோப்பியப் பாதணிகளுட் பெரும்பாலானவை இடக்கால், வலக்கால் என்னும் வேறுபாடுதானுமின்றி ஒரே வடிவிற் செய்யப்பட்டவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1858 ஆம் ஆண்டிற் சூரிச் நகரப் பேராசிரியர் ஹேர்மன் வொன் மையர், பாதணியின் சரியான வடிவத்தைத் துல்லியமாக வரையறுத்தார். பெருவிரலின் நடுவே செல்லும் கோட்டினைப் பின்னோக்கி நீட்டினால் அது குதிக்காலின் நடுவை அடைதல் வேண்டும். பாதணியின் அடித்தோல் இக்கோட்டுக்கு இயைய வெட்டப்படுதல் வேண்டும் என்றார் அவர். பாதணியின் முனை நடுவிற் கூராக அமையின், பெருவிரல் அக்கோட்டினின்றும் தள்ளப்படுதல் தவிர்க்கவியலாதது. இரண்டாண்டுகளில் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. எனவே, அறிவு இல்லாமையால் இக்கேடு நீடித்தது என்று கூறுதற்கில்லை.

மையரின் நூல் வெளிவந்த அதே 1858 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர் அடித்தோலை மேற்றோலுடன் தைக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். 1883 ஆம் ஆண்டில், ஒல்லாந்தக் குடியேற்ற நாடான சூரினாமிற் பிறந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்து லின் நகரிற் பாதணித் தொழிலாளியாய் இருந்த கறுப்பினத்தவர் ஜான் மற்செலிகர், மேற்றோலைக் கால் அச்சின்மீது இழுத்துப் பொருத்தும் பொறிக்கு உரிமை பெற்றார். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 50 சோடி முடிக்க, அப்பொறி 150 முதல் 700 சோடி வரை முடித்தது. மற்செலிகர் 1889 ஆம் ஆண்டிற் காசநோயால் 37 வயதிற்குள் மறைந்தார். அவரது கண்டுபிடிப்பு, பாதணிப் பொறிகளைப் பெரும்பாலும் ஏகபோகமாக்கிக்கொண்ட நிறுவனம் ஒன்றின் சொத்தாயிற்று.

இப்பொறிகள் பாதணியின் விலையைக் குறைத்து, முன்னர் அதனை வாங்கவியலாதிருந்த கோடிக்கணக்கானோருக்கு அதனை எட்டச்செய்தன என்பதை மறுத்தலாகாது. ஆயின், அளந்து செய்பவருக்கும் அணிபவருக்கும் இடையிலிருந்த உறவு அறுந்தது. முன்னர் தொழிலாளி ஒருவரின் காலைப் பார்த்து அச்சினைத் திருத்தினார். இப்பொழுதோ அச்சு முன்னரே முடிவுசெய்யப்பட்டது. கால் அதற்கு இணங்க வேண்டியதாயிற்று. பத்து நீளங்களில் மாத்திரம் செய்யும் தொழிற்சாலைக்குப் பத்துச் சோடி அச்சுக்கள் போதும். ஒவ்வொரு நீளத்திலும் ஐந்து அகலங்கள் வேண்டுமாயின் ஐம்பது சோடி வேண்டும். அவ்வளவிற்கும் கடையிற் சரக்கு தேங்கும். தேங்கிய சரக்கு முடங்கிய மூலதனமாகும். மலிவான பாதணிகள் பெரும்பாலும் நீளத்துக்கே இலக்கம் பெற்று, அகலத்துக்கு இலக்கம் பெறாது வருவதன் இரகசியம் இதுவே.

அகன்ற பாதணியை அரசு தானே முன்வந்து செய்வித்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. அமெரிக்க இராணுவ மருத்துவர் எட்வர்ட் மன்சனின் தலைமையில் அமைந்த குழு, ஏறத்தாழ 2,000 படையினரின் பாதங்களை நான்காண்டு காலம் ஆராய்ந்தது. நாற்பது இறாத்தற் சுமையுடன் நிற்கும்பொழுது பாதம் எவ்வளவு விரிகின்றது என்பதை அளந்து, முன்பகுதி அகன்ற புதிய அச்சொன்றினை வகுத்தது. 1912 ஆம் ஆண்டில் இராணுவம் அதனை ஏற்றுக்கொண்டது. நடக்கவியலாத படைவீரன் அரசுக்கு நட்டம். தொழிற்சாலையில் நிற்கும் பெண்ணின் கால் கோணலுற்றால் அந்நட்டம் அவளுக்கே உரியது. அளவெடுக்கப்பட்டது எவருடைய கால் என்பதை ஆராய்ந்தால், அது யாருடைய தேவைக்காக என்பதும் புலனாகும்.

4. வெறுங்காலும் அதன் மயக்கமும்

பாதணி அணியாத மக்களின் பாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பல உள. 1904 ஆம் ஆண்டு செயின்ற் லூயிஸ் நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட பிலிப்பீன், ஆபிரிக்க மக்களின் பாதங்களை ஆராய்ந்த மருத்துவர் ஹொஃப்மன், அவை அகன்று விரிந்து நலமாயிருத்தலை 1905 ஆம் ஆண்டில் எழுதினார். மனிதரைக் காட்சிப்பொருளாக்கிய ஏகாதிபத்திய அரங்கொன்றிலே பெறப்பட்ட அறிவு இது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1958 ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே இனத்தவருள் சப்பாத்து அணிந்த 118 பேரையும் அணியாத 107 பேரையும் ஒப்பிட்டபொழுது, பெருவிரற் கோணல் முன்னவரிடம் 33 சதவீதமாகவும் பின்னவரிடம் 1.9 சதவீதமாகவும் காணப்பட்டது. தென்னிந்தியாவில் 2,300 சிறுவர்களின் அடிச்சுவடுகளை ஆராய்ந்து 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை, தட்டைப்பாதம் பாதணி அணிந்தோரிடம் 8.6 சதவீதமும் அணியாதோரிடம் 2.8 சதவீதமும் இருந்தமையைக் காட்டியது. முன்புறம் மூடிய சப்பாத்து அணிந்த பிள்ளைகளிடம் அது மிகுந்தும், திறந்த செருப்பு அணிந்தோரிடம் குறைந்தும் இருந்தது.

இவற்றிலிருந்து வெறுங்காலே மேலானது என முடிவுசெய்வது அவசரமாகும். இலங்கைப் பெருந்தோட்டங்களில் வெறுங்காலுடன் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே கொழுக்கிப்புழு நோய் பரவி இரத்தத்தை உறிஞ்சியமை, 1916 ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் நிறுவனத்தின் இயக்கம் ஆரம்பமாவதற்குக் காரணமாயிற்று. அப்புழு நுழைந்தது பாதத்தின் தோல்வழியாகவே. மலசலகூட வசதியும் பாதணியும் மறுக்கப்பட்டமையின் விளைவு அது. மேலும், தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியினர் முன்னிலையிற் செருப்பணிதல் குற்றமாகக் கருதப்பட்ட காலம் மிகத் தொலைவிலுள்ளதன்று. தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்தவரே அதனை அணிந்து தெருவில் நடக்கமுடியாதிருந்தனர். அத்தகைய வரலாறுடைய சமூகத்தில், செருப்பைக் கழற்றுங்கள் என்று உபதேசிப்பது அறியாமை மாத்திரமன்று, கொடுமையுமாகும். வேண்டப்படுவது பாதணியின்மை அன்று. பாதத்துக்கு இயைந்த பாதணி.

5. நோவு உணராத கால்

இடமுள்ள பாதணி சிலருக்கு வசதி. சிலருக்கோ காலையே காப்பது. இந்தியாவிற் பிறந்த ஆங்கில மருத்துவர் போல் பிராண்ட், 1946 ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றியபொழுது, தொழுநோயாளரின் பாதப்புண்களுக்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமன்று என்பதை எடுத்துக்காட்டினார். நரம்பு உணர்விழந்தமையால் நெருக்குதலையும் உராய்வையும் அறியாது நடப்பதே அப்புண்களின் தோற்றுவாய். அதனால், நுண்துளைகள் நிறைந்த மென்மையான றப்பரினால் அடிப்பாகம் அமைந்த செருப்புக்கள் அங்கு உருவாக்கப்பட்டன. பிற்காலத்தில் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் இவ்வறிவு பயன்படுத்தப்பட்டது.

நீரிழிவு நமது வீடுகளில் அரிதான நோயன்று. உணர்வு மழுங்கிய காலுக்குப் புதுச் சப்பாத்து கடிப்பது தெரிவதில்லை. மாலையிற் சப்பாத்தைக் கழற்றும்பொழுது காலுறையிலுள்ள இரத்தமே முதலறிவித்தலாகின்றது. அவ்வாறு தொடங்கிய கொப்புளம், விரலை வெட்டுவதிலும் சில வேளை காலையே இழப்பதிலும் முடிதல் உண்டு. அகலமும் உள்ளுயரமும் போதிய பாதணியை அணிவதாலும் நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதாலும் இவ்விழப்புக்களிற் பலவற்றைத் தவிர்க்கலாம்.

பெண்களின் நிலை தனித்து நோக்கற்பாலது. அமெரிக்காவில் 356 பெண்களைப் பரிசோதித்து 1993 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 88 சதவீதமானோர் தம் பாதத்தினும் சிறிய பாதணியையே அணிந்திருந்தனர். 80 சதவீதமானோரிடம் பாதக்கோளாறுகள் காணப்பட்டன. உயர்ந்த குதி, பாரம் முழுவதையும் ஒடுங்கிய முன்பகுதிக்குள் தள்ளுகின்றது. வரவேற்பறையிலும் கடையிலும் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கு அத்தகைய பாதணி தொழில் நிபந்தனையாகும்பொழுது, அதனை அவளது விருப்பம் என்று கூறுதல் பொருந்துமா?

6. தெரிவு செய்யும் முறை

அகன்ற பாதணி என்பது தளர்ந்த பாதணி அன்று. குதிக்கால் வழுக்காது பிடிபட்டிருத்தலும், முன்பகுதியில் விரல்கள் தடையின்றி அசைதலும் ஒருங்கே அமைதல் வேண்டும். அகலம் போதாது என்பதற்காக நீளம் மிகுந்த இலக்கத்தை வாங்குதல் தவறு. குதிக்கால் கழன்று, பாதணி வளையுமிடமும் விரல் வளையுமிடமும் வேறுபட்டு, இடறி விழுதற்கு அது ஏதுவாகும். வாரோ, நாடாவோ உள்ள பாதணி முதியோருக்கு உகந்தது.

எளிய சோதனை ஒன்று உண்டு. மாலையில் ஒரு தாளின்மேல் எழுந்து நின்று, இரு பாதங்களின் விளிம்பையும் பென்சிலால் வரைந்துகொள்ளுதல் வேண்டும். பாதணியை அவ்வுருவத்தின்மீது வைக்க, கோடு வெளியே தெரியுமாயின் அப்பாதணி அக்காலுக்கு உரியதன்று. இரு பாதங்களும் பெரும்பாலும் ஒத்திரா. பெரியதற்கே அளவு கொள்ளுதல் வேண்டும். மிக நீண்ட விரலின் முன்னே பெருவிரல் அகல இடைவெளி இருத்தல் நன்று. “அணிய அணிய விரிந்துவிடும்” என்னும் கடைக்காரரின் உறுதியை நம்பலாகாது; விரிவதற்கு முன் வளைவது காலே. சிறுவர்களின் என்புகள் முற்றாதவையாதலின் நெருக்குதலுக்கு நோவின்றியே இணங்கிவிடுகின்றன. ஆகவே அவர்கள் முறையிடாமை பாதணி பொருந்துகின்றது என்பதற்குச் சான்றாகாது. சில மாதங்களுக்கொருமுறை அளந்து பார்த்தல் பெற்றாரின் கடமை.

எனினும், இவ்வாலோசனைகள் தெரிவு செய்யும் வசதி உடையோருக்கே முழுமையாகப் பயன்படும். ஆண்டுக்கு ஒரு சோடி வெண்சப்பாத்து வாங்குவதே சுமையாயுள்ள குடும்பத்திடம், பிள்ளையின் கால் வளர்ந்துவிட்டது என்று கூறுவதனால் யாது பயன்? பாடசாலைச் சீருடை விதிகள் திறந்த பாதணியையும் ஏற்றல். தொழில்தருநர் வழங்கும் காப்புச் சப்பாத்துக்கள், பெண் தொழிலாளருக்குமாக, பல அகலங்களிற் கிடைத்தல். நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களிற் பொருத்தமான பாதணி மருந்தைப்போலவே வழங்கப்படுதல் ஆகியன தனிமனித விவேகத்தால் நிறைவேறுவன அல்ல. அவை கூட்டாகக் கோரிப் பெறவேண்டியவை.

காம்பர் எழுதி இருநூற்று நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பாதத்தின் வடிவம் நமக்குத் தெரியும். அதற்கேற்ற பாதணியைச் செய்யும் ஆற்றலும் பொறிகளுக்கு உண்டு. அணிவதற்கென்றே பாதணி செய்யப்படும் நிலை உருவாகும்வரை, கேம்பிரிட்ஜ் மயானத்தின் என்புகள் கூறிய கதையை நமது காலத்து என்புகளும் எழுதிக்கொண்டே இருக்கும்.